அயர்லாந்துப் பிள்ளைகளின் பண்டிகை வழக்கங்கள்: பள்ளியில் கையால் செய்து காட்ட எது சரிவரும்?

குடியாத்தம் டீச்சர்:

வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8 வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வெளிநாடு ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த நாட்டுப் பிள்ளைகள் ஆண்டு முழுக்க என்னென்ன பண்டிகை கொண்டாடினார்கள், அதில் பிள்ளைகளுக்கென்று என்ன வேலை இருந்தது என்று பள்ளிக் கண்காட்சியில் காட்டப் போகிறோம். இந்த முறை அயர்லாந்து. படம் வெட்டிச் சார்ட்டில் ஒட்டுவது வேண்டாம், பிள்ளைகளே கையால் செய்யட்டும் என்பது முடிவு.

மூன்று கேள்விகள். 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்த வழக்கத்தைச் செய்ய முடியும்? பொருள் எல்லாம் குடியாத்தத்திலோ வேலூர் நேதாஜி மார்க்கெட்டிலோ கிடைக்க வேண்டும். ஐரிஷ் புல்லும் கிழங்கும் இங்கே இல்லை என்றால் எதை மாற்றாக வைக்கலாம், அப்படி மாற்றினால் எங்கே சொதப்பும்? கடைசியாக, தேவதைகள் குழந்தையைத் தூக்கிப் போய்விடும் என்கிற மாதிரி நம்பிக்கைகளை இந்த வயதுப் பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்லலாம்?

பாலாற்றங்கரை:

டீச்சர், முதல்ல நாள்காட்டியைப் பார்த்துடுங்க. அயர்லாந்தின் பழைய ஆண்டுக்கு நாலு திருப்பம்: பிப்ரவரி 1 பிரிஜிட் நாள், மே 1, ஆகஸ்ட் 1 லூனஸா, நவம்பர் 1 சௌவின். பிப்ரவரியிலும் மேயிலும் நவம்பரிலும் முந்தின நாள் பொழுது சாய்ஞ்சதும் பண்டிகை தொடங்கிடும். ஹாலோவீன் அக்டோபர் 31 ராத்திரி வர்றதும், பிரிஜிட் சடங்கெல்லாம் ஜனவரி 31 ராத்திரி நடக்கிறதும் அதனாலதான்.

நம்ம பள்ளி நாட்களோட பொருத்திப் பார்த்தா, மே 1 கோடை விடுமுறையில போயிடும். டிசம்பர் 26-ல பையன்கள் முகமூடி போட்டு ரென் குருவியோட வீடு வீடா போற நாள் அரையாண்டு லீவுல மாட்டிக்கும். ஹாலோவீன் சில வருஷம் தீபாவளியோட மோதும். பிரிஜிட் நாள்தான் பொங்கல் லீவு முடிஞ்சு, முழுஆண்டுப் பரீட்சை நெருக்கடி வர்றதுக்கு முன்னாடி வருது. அதையே நடுநாயகமா வையுங்க. அயர்லாந்துல 2023-லிருந்து அது அரசு விடுமுறையும் ஆயிடுச்சு.

பிரிஜிட் கில்டேரில் மடம் நிறுவிய துறவி. சாகக் கிடந்த ஒரு தலைவனோட படுக்கைப் பக்கத்துல உட்கார்ந்து, தரையில பரப்பியிருந்த புல்லை எடுத்துச் சிலுவை பின்னிக் காட்டினாங்கன்னு கதை. ஜனவரி 31 சாயங்காலம் ஒருத்தர் புல்லுக்கட்டோட வெளியே நின்னு கதவைத் தட்டி, பிரிஜிட்டை உள்ளே விடச் சொல்லிக் கேட்கணும். உள்ளே இருக்கிறவங்க வரவேற்பு சொல்லித் திறக்கணும். பல வீட்டுல இந்தத் தட்டுற வேலை பிள்ளைகளுக்குத்தான். சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் உட்கார்ந்து பின்னுவாங்க. பின்னினதைக் கூரைக்கு அடியில செருகுவாங்க, வீடு தீப்பிடிக்காதுங்கிற நம்பிக்கை. பழசைத் தூக்கிப் போடாம வருஷா வருஷம் பக்கத்துலேயே செருகிட்டு வந்த வீடுகளும் உண்டு.

இப்ப செய்முறை. அங்கே அவங்க எடுக்கிறது ஈரநிலத்துல வளர்ற உருண்டைத் தண்டுப் புல், உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும். வெட்டக் கூடாது, பிடுங்கணும்னு வழக்கம். நமக்குக் கோரை சரி. ஆனா கோரைத் தண்டு மூணு பட்டை. மடிச்ச இடத்துல ‘படக்’னு உடையும், அதுதான் பெரிய தொல்லை. வந்தவாசியில பாய்க்கு விற்கிற காய்ஞ்ச கோரை வாங்கினா சாயம் போடாததாக் கேளுங்க, முதல் நாள் ராத்திரியே தண்ணியில ஊறப் போடுங்க. ஏரிக்கரைப் பச்சைக் கோரைன்னா பெரியவங்க யாராவது பிடுங்கி வரட்டும், பிள்ளைகளைச் சேத்துல இறக்க வேண்டாம். எதுவானாலும், மடிக்கப் போற நடுப்பகுதியை மட்டும் ஒரு டம்ளரை வெச்சு உருட்டித் தட்டையாக்கிட்டா உடையாது. தடிச்சதை ஒதுக்கிட்டு மெல்லிசாப் பொறுக்குங்க.

ஒரு சிலுவைக்கு 30 செ.மீ. நீளத்துல 25 தண்டு. 40 பேருக்கு 1,000, உடையறதுக்குன்னு இன்னொரு 200 வெச்சுக்குங்க. ஒரு தண்டை நேரா நிறுத்திப் பிடிங்க. ரெண்டாவதைச் சரிபாதியா மடிச்சு, முதல் தண்டோட நடுவைச் சுத்திப் போடுங்க. வாய் திறந்த பக்கம் வலது கைப் பக்கம் இருக்கணும். கட்டை விரலால நடுவை அழுத்திக்கிட்டே மொத்தத்தையும் இடஞ்சுழியா கால் சுற்று திருப்புங்க. இப்ப வலது பக்கம் நீட்டின கை மேலே வந்திருக்கும். மூணாவதை மடிச்சு, மேலே நிற்கிற எல்லாத் தண்டையும் சேர்த்துச் சுத்திப் போடுங்க, வாய் மறுபடி வலது பக்கம். திரும்பக் கால் சுற்று. இப்படியே போட்டுட்டுப் போனா நடுவுல சதுரம் தானா விரியும். கடைசித் தண்டு அவிழாம இருக்க, நாலு கையையும் நூலால இறுக்கிக் கட்டி நுனியைச் சமமா நறுக்கணும்.

எங்கே கெடும்னா, ஒண்ணு, பிள்ளைங்க அடுத்த தண்டை எடுக்கக் கட்டை விரலை எடுத்துடுவாங்க, மொத்தமும் தொளதொளன்னு ஆயிடும். அதனால ரெண்டு ரெண்டு பேரா உட்கார வையுங்க, ஒருத்தர் பிடிக்க ஒருத்தர் மடிக்கட்டும். இன்னொண்ணு, நடுவுல சுற்றுற திசையை மாத்திடுவாங்க. ஒரு கை தடிச்சு எதிர்க்கை மெலிஞ்சு நிற்கும். அப்படி ஆனா சரிபண்ண முடியாது, மாறின இடம் வரைக்கும் உருவிட்டுத் திரும்பத் தொடங்கணும். ஊறின கோரை காயக் காயச் சுருங்கும், கட்டு நழுவும். மறுநாள் கட்டை அவிழ்த்துத் திரும்ப இறுக்கினப்புறம் சுவத்துல மாட்டுங்க.

நேரம் இருந்தா வைக்கோல் புரியும் திரிக்கலாம். கால்வே பக்கத்துப் பையன்கள் வைக்கோல் கயிற்றைப் பெரிய வளையமா முடிஞ்சு, சின்னச் சிலுவைகளைக் கட்டி வீடு வீடாக் கொண்டு போவாங்க. வீட்டுல இருக்கிறவங்க அதுக்குள்ளே நுழைஞ்சு வரணும், அந்த வருஷம் நோய் அண்டாதுன்னு நம்பிக்கை. 3 மீட்டர் புரியை முடிஞ்சா ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவா அகலம் வரும், எட்டாம் வகுப்புப் பிள்ளை குனிஞ்சு தாராளமா நுழையலாம். மெஷின் அறுத்த வைக்கோல் இதுக்கு ஆகாது, நொறுங்கித் துண்டாகி இருக்கும், புரி நிற்காது. கையால அறுத்துக் கையால அடிச்ச வைக்கோல் எங்கே கிடைக்கும்னு பிள்ளைங்களையே விசாரிக்கச் சொல்லுங்க. அரைமணி முன்னாடி தண்ணி தெளிச்சு வெச்சா வளையும்.

பெண்பிள்ளைகள் பொம்மை செஞ்சு தூக்கிக்கிட்டுப் போய் முட்டையும் காசும் வாங்கின வழக்கமும் அதே ராத்திரிதான். வைக்கோல் கட்டுக்குப் பழைய துணி சுத்தினா பொம்மை ரெடி, விளக்கவே வேண்டாம்.

வாலாஜா அடுப்படி:

பாலாற்றங்கரை அண்ணன் சொன்ன மாதிரி பிரிஜிட் நாளையே பெருசா வையுங்க டீச்சர், ஆனா ஹாலோவீனை விட்டுடாதீங்க. பிள்ளைங்க டிவியில பார்க்கிற, முகம் செதுக்கின பூசணிக்காய் விளக்கு அமெரிக்காவுல வந்து சேர்ந்தது. அயர்லாந்துல டர்னிப், சில இடத்துல பீட்ரூட், உருளைக்கிழங்கு. மாயோ மாவட்டத்துல காசல்பார் பக்கம் இருக்கிற நாட்டுப்புற வாழ்க்கை மியூசியத்துல, டொனகல் மாவட்டம் ஃபின்டவுன்ல கிடைச்ச டர்னிப் விளக்கோட பிளாஸ்டர் அச்சு இருக்கு. அந்த முகத்தோட படத்தைக் காட்டிட்டுத் தொடங்குங்க, பூசணிக்காய் மறந்தே போயிடும்.

இங்கே டர்னிப் எல்லா நாளும் கிடைக்காது. நூக்கல் எடுங்க, முத்தினதா. சமையலுக்கு வேண்டாம்னு ஒதுக்குற நார் விழுந்த பெரிய நூக்கல்தான் இதுக்கு நல்லது, இளசு அழுகிடும். அடியைக் கொஞ்சம் சீவி உட்கார வையுங்க. மேலே 2 செ.மீ. மூடியா அறுத்து எடுங்க. இந்த ரெண்டு வேலையும் பெரியவங்களோடது, நூக்கல் தோல் கத்தியை வழுக்கி விடும். உள்ளே எவர்சில்வர் ஸ்பூனால சுரண்டுறது பிள்ளைங்க வேலை. சுவர் 1 செ.மீ. கனம் நிற்கட்டும், அதுக்கு மேல மெலிஞ்சா கண்ணு வாய் வெட்டும்போது பிளந்துடும். நம்ம ஊர் வெயிலுக்கு ரெண்டு நாள்ல பூஞ்சை பூக்கும். உப்புத் தண்ணியில அலசித் துடைச்சு ராத்திரி ஃபிரிட்ஜ்ல வெச்சா இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். வாடிச் சுருங்கினா முகம் இன்னும் கோரமா ஆகும், அது நல்லதுக்குத்தான். மெழுகுவத்தி வேண்டாம், பொம்மைக்கடையில கிடைக்கிற சின்ன பேட்டரி விளக்கு போதும். மெழுகுவத்திதான் வேணும்னா மூடியில ஓட்டை போடணும், இல்லேன்னா காத்து இல்லாம அணையும், மூடியும் கருகும்.

சாப்பாட்டுல பார்ம்பிராக், அதாவது உலர் திராட்சை போட்ட இனிப்பு ரொட்டி. ஈஸ்ட் போட்டும் செய்வாங்க. பள்ளிக்கு டீ பிராக்தான் சுலபம். உலர் திராட்சை கறுப்பும் வெளிர் நிறமும் சேர்த்து 350 கிராம், பால் சேர்க்காத கெட்டி டீ டிக்காக்ஷன் ஆறினது 300 மி.லி., நாட்டுச் சர்க்கரை 125 கிராம். மூணையும் ராத்திரியே ஊற வையுங்க. காலையில மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரை டீஸ்பூன், பட்டை ஜாதிக்காய்ப் பொடி ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, முட்டை ஒண்ணு. முட்டை வேண்டாம்னா கெட்டித் தயிர் 60 மி.லி. டீயை வடிக்காதீங்க, அந்தத் தண்ணிதான் மாவுக்கு. 160 டிகிரியில ஒரு மணியிலிருந்து ஒன்றேகால் மணி வரைக்கும். பக்கத்து பேக்கரியில மதியம் சூடு குறைஞ்ச அடுப்புல வெச்சுக் கொடுப்பாங்களான்னு கேளுங்க. ரொட்டி சுடுற சூட்டுல வெச்சா வெளியே கருகி உள்ளே மாவா நிற்கும், ஏன்னா பழம் நிறைய, சர்க்கரை நிறைய. சூடா அறுத்தா உதிரும், மறுநாள்தான் அறுக்கணும். ஒரு பிராக் 10 துண்டு, 40 பேருக்கு நாலு.

இதுக்குள்ளே பொருள் மறைச்சு வெச்சுக் குறி பார்ப்பாங்க: மோதிரம் வந்தா கல்யாணம், காசு வந்தா பணம், துணி வந்தா வறுமை, பட்டாணி வந்தா இந்த வருஷம் கல்யாணம் இல்லை. இதை அப்படியே செய்யாதீங்க டீச்சர். எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை கையில மோதிரத்தைக் கொடுத்துக் கல்யாணம்னு சொல்ற விளையாட்டு நம்ம பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம். ஏழைப் பிள்ளை கையில துணி வந்தா அது மனசுல நிற்கும். மத்ததைச் சார்ட்டுல எழுதிடுங்க, ரொட்டியில காசு மட்டும். அதையும் மாவுல போட்டுச் சுடாதீங்க. கழுவின பத்து ரூபாய் நாணயத்தைப் பட்டர் பேப்பர்ல பெருசாச் சுத்தி, அறுத்த துண்டோட அடியில கீறிச் செருகுங்க. காகிதம் துருத்திக்கிட்டு இருந்தா யாரும் விழுங்க மாட்டாங்க.

கோல்கேனன்னு ஒண்ணு உண்டு, அதே ராத்திரிச் சாப்பாடு: உருளைக்கிழங்கு 1 கிலோ, முட்டைக்கோஸ் 250 கிராம் வேக வெச்சது, வெங்காயத்தாள், பால் 150 மி.லி., வெண்ணெய் 100 கிராம். பழைய கிழங்கா வாங்குங்க, புதுக்கிழங்கு நீர் விடும். கையால மசிக்கணும். மிக்ஸியில போட்டா பசையா இழுக்கும், அப்புறம் எதுக்கும் ஆகாது.

பூக்காங்கிற பூதம் ஹாலோவீன் ராத்திரி காட்டுப் பழங்கள் மேல துப்பிடும், அதனால நவம்பர்ல பறிக்கக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்வாங்க. பழம் அப்ப புளிச்சு அழுகத் தொடங்கிடும், காரணம் அதுதான். பயமுறுத்தாம சொல்லக்கூடிய நம்பிக்கை இது.

காட்பாடிக்காரன்:

மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதை இணையத்தில் பலரும் அழகான தேவதைக் கதையாக்கி விடுகிறார்கள்.

ஐரிஷ் நம்பிக்கையில் தேவதைகள் சிறகு வைத்த பொம்மைகள் அல்ல. மேட்டுக்குள்ளும் வெள்முள் மரத்தடியிலும் குடியிருக்கும், பகைத்துக்கொள்ளக் கூடாத கூட்டம். வயலின் நடுவே தனியாக நிற்கும் அந்த முள்மரத்தை வெட்ட மாட்டார்கள். நல்ல ஆண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அதன் இடத்தில் நோஞ்சான் ஒன்றை வைத்துவிடும் என்று பயந்தார்கள். காவலாகத் தொட்டிலின் குறுக்கே இரும்பு இடுக்கியை வைத்தார்கள், துணியில் உப்பு முடிந்தார்கள். குழந்தை அழகு என்று சொல்பவர் கையோடு கடவுளின் ஆசியையும் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் கண்ணேறு. கானமாரா, ஆரன் தீவுகள் பக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூடப் பையன்களுக்குப் பெரிய வயது வரை பாவாடை உடுத்தியிருந்த புகைப்படங்கள் உண்டு. தேவதைகளை ஏமாற்றத்தான் என்பது ஒரு விளக்கம். வீட்டில் நெய்த கம்பளித் துணியில் கால்சட்டை தைப்பதைவிடப் பாவாடை தைப்பது எளிது என்பது இன்னொரு விளக்கம். இரண்டையும் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு இது அந்நியமாகவே இருக்காது. முன்னால் பிறந்தவை தங்காமல் போன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயர் வைப்பதும், பிச்சை என்று அழைப்பதும் இதே பயத்தின் வேலைதான். கன்னத்து மைப்பொட்டும் அப்படியே. இந்த இணையைப் போட்டுக் காட்டினால் ஆறாம் வகுப்புக்கும் புரியும்.

மாற்றி வைத்த பிள்ளை என்ற நம்பிக்கையை மட்டும் ஆறாம் வகுப்பில் எடுக்காதீர்கள். எட்டாம் வகுப்பில் எடுத்தால் முழுக்கச் சொல்லுங்கள். வளர்ச்சி குன்றிய, நோயுற்ற, உடற்குறையுள்ள குழந்தைகள் மேல்தான் இந்த முத்திரை விழுந்தது. அசல் பிள்ளையைத் திரும்பப் பெறுவதாக நினைத்து ஃபாக்ஸ்குளோவ் என்ற நச்சுச்செடியின் சாற்றைக் கொடுத்தார்கள், நெருப்புக்கு அருகே பிடித்தார்கள். பெரியவர்களும் தப்பவில்லை. 1895இல் டிப்பரரி மாவட்டத்தில் பிரிஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண்ணை, இவள் என் மனைவி இல்லை, மாற்று உரு என்று சொல்லிக் கணவனே எரித்துக் கொன்றான், தண்டனையும் பெற்றான். உங்கள் வகுப்பில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் எந்தச் சொல்லும் அந்தப் பிள்ளையைச் சுட்டுவதுபோல் விழாதபடி முன்கூட்டியே யோசித்துப் பேசுங்கள். நாடகமாக நடிக்க வைக்கவே வேண்டாம்.

குடியாத்தம் டீச்சர்:

மூவருக்கும் நன்றி. மோதிர விஷயம் எனக்குத் தோன்றவே தோன்றாது, நல்ல வேளை சொன்னீர்கள். இன்னொன்று: காட்பாடிக்காரர் போட்ட இணை மாதிரி, நம் பக்கத்து வழக்கங்களையும் பிள்ளைகளே கேட்டு எழுதி எதிரெதிராக வைக்கலாமா? அதற்கு ஏதாவது முறை உண்டா?

ஆரணித் தறி:

முறை உண்டு டீச்சர், அதுவும் அயர்லாந்திலேயே உண்டு. கண்காட்சிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

1935இல் அங்கே அரசு ஐரிஷ் ஃபோக்லோர் கமிஷனை (நாட்டுப்புற வழக்காறுகளைச் சேகரிக்கும் ஆணையம்) அமைத்தது. 1937 முதல் 1939 வரை, 26 மாவட்டங்களின் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளில், 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் அக்கம்பக்கத்து முதியவர்களிடமும் கேட்டு எழுதினார்கள். ஏறக்குறைய 50,000 பிள்ளைகள், 7,40,000 பக்கங்கள். கட்டுரை எழுதும் வகுப்பு நேரத்தையே இதற்கு விட்டுவிட்டார்கள். ஆசிரியர்களுக்குத் தலைப்புகள் அடங்கிய கையேடு ஒன்று போனது: பண்டிகை நாட்கள், விளையாட்டு, கைவைத்தியம், புனிதக் கிணறு, புதையல், வானிலைக் குறி. பிள்ளைகளின் நோட்டில் நல்லதைத் தேர்ந்து பெரிய ஏட்டில் படி எடுத்தார்கள். இப்போது டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் பாதுகாப்பில் இருக்கிறது. டூக்கஸ் (duchas.ie) இணையதளத்தில் கையெழுத்துப் பக்கங்களையே இலவசமாகப் பார்க்கலாம். மேலே சொன்ன வழக்கங்களில் பலவற்றை உங்கள் பிள்ளைகளின் வயதுக்காரர்கள் எழுதிய பக்கங்களாகவே எடுத்து அச்சிடலாம்.

அதே முறையை அப்படியே பிடியுங்கள். வாரம் ஒரு தலைப்பு, அதற்கு மேல் கொடுத்தால் பிள்ளைகள் ஒரே பாட்டியிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டு முடித்துவிடுவார்கள். கார்த்திகை, போகி, ஆடிப் பதினெட்டு, மாசி அமாவாசை மயானக் கொள்ளை, உங்கள் ஊர் கங்கையம்மன் சிரசுத் திருவிழா என்று ஐந்து போதும். “கார்த்திகை எப்படிக் கொண்டாடுவீங்க?” என்று கேட்டால் “விளக்கு ஏத்துவோம்” என்று ஒரு வரிதான் வரும். “மாவலி யார் கட்டுவாங்க, பிள்ளைங்க வேலை எது?” என்று கேட்கச் சொல்லுங்கள். அப்போதுதான் ஆண்பனையின் பூவைப் பறித்துக் காயவைப்பது, குழியில் போட்டுக் கொளுத்திச் சாம்பலாகுமுன் மண் தள்ளி மூடுவது, கரியை இடித்துத் துணியில் இறுக்கமாக உருட்டுவது, பனைமட்டைப் பிளவுகளுக்கு இடையில் கட்டிக் கயிற்றில் சுழற்றுவது எல்லாம் படிப்படியாக வரும். ‘ஏன் இறுக்கணும், தளர்ந்தா என்ன ஆகும்?’ என்பது ஒவ்வொரு தலைப்பிலும் கட்டாயக் கேள்வி. இதற்கு எதிரே அயர்லாந்தில் ஜூன் 23 இரவு மூட்டும் புனித யோவான் நெருப்பை வையுங்கள். அங்கும் விறகு சேர்ப்பது பிள்ளைகள் வேலை, எரியும் கங்குகளை எடுத்துப் போய் ஒவ்வொரு வயலிலும் போடுவார்கள்.

ஒவ்வொரு பதிவிலும் சொன்னவர் வயது, ஊர், எந்தக் காலத்து வழக்கம், இப்போதும் நடக்கிறதா என்ற நான்கும் இருக்க வேண்டும். அயர்லாந்தில் பெயரையும் முகவரியையும் எழுதினார்கள். நீங்கள் பெயரை நோட்டில் மட்டும் வைத்துக்கொண்டு, சொன்னவர் சம்மதித்தால்தான் சுவரில் போடுங்கள். ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு மயானக் கொள்ளை வேறு மாதிரி நடக்கும். இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாக எழுதி வந்தால் எது சரி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள், இரண்டையும் வையுங்கள்.

பாட்டி சொன்ன சொல்லைப் பாடநூல் தமிழாக மாற்றவும் விடாதீர்கள். எழுத்துப் பிழையைப் படி எடுக்கும்போது திருத்தினால் போதும். முதல் நோட்டுகளைக் கண்காட்சி முடிந்ததும் பழைய பேப்பருக்குப் போடாமல், தரையில் படாத அலமாரியில் வையுங்கள், நம் பக்கம் கரையான் ஒரே மழைக்காலத்தில் ஒரு கட்டைத் தின்றுவிடும். அட்டையில் ஆண்டும் வகுப்பும் எழுத மறக்க வேண்டாம்.